தொகுப்பு வீட்டுக்கு முதல் பணம் போடுவது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். வீடு கட்ட அரசு மூன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கிறது, சிமெண்ட் கொடுக்கிறது, கம்பி கொடுக்கிறது, இத்தனைக்குப் பிறகும் கிராமத்தில் ஒருவன் குடிசையில் கிடக்கிறான் என்றால் அது அவன் சோம்பேறித்தனம் என்று. எங்கள் ஊர் டீக்கடையில் அதைச் சத்தமாக வாசித்தார்கள். பெஞ்சில் இருந்த நாலு பேரில் மூன்று பேர் தலையை ஆட்டினார்கள். நாலாவது ஆள் நான். கொத்தனார். அந்த வீடுகளைக் கட்டுகிறவன்.

முப்பது வருடத்துக்கு மேல் கரண்டி பிடிக்கிறேன். சித்தாளாகப் போன காலத்தில் இந்திரா நினைவுக் குடியிருப்பு. அப்புறம் 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. 21 லட்சம் குடிசைகளையும் ஆறு வருடத்தில் கான்கிரீட் வீடாக மாற்றுவதாகச் சொல்லி வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். அடுத்த வருடம் ஆட்சி மாறி பசுமை வீடு வந்தது. 300 சதுர அடி, 1 லட்சத்து 80 ஆயிரம், மேலே சூரிய விளக்கு. 2016இல் பிரதமர் வீடு. 2024இல் கலைஞரின் கனவு இல்லம். பெயர் எதுவானாலும் ஊருக்குள் எல்லாவற்றுக்கும் தொகுப்பு வீடு என்றுதான் பெயர். எல்லாத் திட்டத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். யாரையும் குறை சொல்ல இந்தக் கடிதம் இல்லை. கொடுக்கிற பணம் நல்ல பணம். அது எப்போது கைக்கு வருகிறது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடிதம் எழுதிய ஐயாவுக்குக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கனவு இல்லத்துக்கு மூன்றரை லட்சம் என்று அறிவித்தது 2024 பிப்ரவரி பட்ஜெட்டில். அதில் அரசு வீட்டுக்கென்று கொடுப்பது 3 லட்சத்து 10 ஆயிரம். மீதி நாற்பதாயிரம் நூறு நாள் வேலைக் கூலியிலிருந்தும் கழிப்பறைக்கான 12 ஆயிரத்திலிருந்தும் சேர வேண்டியது. சிமெண்டும் கம்பியும் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் வழியாகக் கொடுக்கிறார்களே, அது இனாம் கிடையாது; விலையைக் கழித்துக்கொண்டுதான் மீதியைப் போடுகிறார்கள். வீடு சமையலறையோடு சேர்த்து 360 சதுர அடி. அதில் 300 அடிக்கு கான்கிரீட் தளம், 60 அடிக்கு ஓடு மாதிரி ஏதாவது போட்டுக்கொள்ளலாம்.

இதை எவ்வளவு சிக்கனமாகக் கட்டினாலும் எங்கள் பக்கத்தில் ஐந்தரை லட்சத்துக்குக் குறைவாக என்னால் முடித்துத் தர முடியவில்லை. வேறு கொத்தனார் யாராவது முடித்தால் அவர் கையைப் பார்க்க ஆசைதான். 2025 ஏப்ரலில் கல் உடைக்கிற கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து முடித்தபோது, கல்லை உடைத்து எடுக்கிற எம்-சாண்ட் மணலும் ஜல்லியும் விலை ஏறியிருந்தன. செப்டம்பரில் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது, அதில் கொஞ்சம் இறங்கியது. ஏறியதும் இறங்கியதும் சரிக்குச் சரி ஆகவில்லை.

ஆனாலும் சொல்கிறேன், தொகை குறைவு என்பது இரண்டாவது பிரச்சினை. ஏழைகள் எப்படியோ ஈடு கட்டுகிறார்கள். பெண்டாட்டி சித்தாள், மகன் பெரியாள், மச்சான் கம்பி கட்டுவான், அப்படிக் கூலியில் மிச்சம் பிடிப்பார்கள். முதல் பிரச்சினை வேறு. வேலை உத்தரவு கைக்கு வந்த அன்று ஒரு ரூபாயும் வருவதில்லை. அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டி, கல் கட்டி, மண் அடித்து, வீட்டுத் தரை வருகிற பேஸ்மட்டம் வரைக்கும் ஏற்றிய பிறகு ஓவர்சியர் வந்து போட்டோ பிடிப்பார். அதற்கு அப்புறம்தான் முதல் பில், அதாவது முதல் தவணைப் பணம். அடுத்தது கதவு ஜன்னலுக்கு மேலே வருகிற லிண்டல் மட்டம். அடுத்தது தளம் போட்ட பிறகு. கடைசி, பூசி, கதவு ஜன்னல் மாட்டி, கழிப்பறை கட்டி, வெள்ளையடித்து முடித்த பிறகு. நாலு தடவையும் முதலில் செலவழிக்க வேண்டியது வீட்டுக்காரர். அரசாங்கம் பின்னால் வரும்.

பேஸ்மட்டம் வரைக்கும் ஏற்ற எங்கள் ஊரில் தொண்ணூறாயிரத்திலிருந்து ஒரு லட்சம் ஆகும். களிமண் தெருவாக இருந்தால் இன்னும் ஆழம் போக வேண்டும், கிராவல் அடிக்க வேண்டும், அதற்கு மேலும் ஆகும். கையில் ஒரு லட்சம் வைத்திருக்கிறவனைக் குடிசைக் கணக்கெடுப்பில் சேர்ப்பார்களா?

என் தெருவிலேயே ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். அந்த மனுஷன் தென்னை ஏறுகிறவர். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வந்தபோது எங்கள் தஞ்சாவூர் மாவட்டத்தின் தெற்குப் பகுதியில் தென்னந்தோப்புகள் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்று உங்கள் பத்திரிகையிலேயே பக்கம் பக்கமாகப் படம் போட்டீர்கள். மரம் போனதோடு அவருடைய பிழைப்பும் போனது. குடிசையின் கூரையும் போனது. கொஞ்ச காலம் திருப்பூரில் மூட்டை தூக்கினார். ஊருக்குத் திரும்பி, மிஞ்சிய மரங்களில் ஏறப் போன இடத்தில் விழுந்து இடுப்பு அடிபட்டது. இப்போது மரம் ஏறுவதில்லை. கீழே நின்று மட்டை பொறுக்குகிறார். அந்த அம்மா கீற்று முடைகிறவர். ஊரில் பாதிப் பந்தலுக்கு அவர் முடைந்த கீற்றுதான். அவர் வீட்டுக்கு மட்டும் மேலே புயல் நிவாரணத்தில் கொடுத்த தார்ப்பாய், அதற்கு மேல் வேறு தார்ப்பாய், அதற்கு மேல் காற்றில் பறக்காமல் இருக்க பழைய சைக்கிள் டயர்கள். வீட்டில் வயதான மாமியார், பிளஸ் டூ படிக்கிற மகள், எட்டாவது படிக்கிற மகன்.

அவர்களுக்குப் பட்டியலில் பெயர் வந்தது. தெருவே சந்தோஷப்பட்டது. பட்டா செத்துப்போன மாமனார் பெயரில் இருந்ததால் வாரிசு சான்றிதழ், அண்ணன் தம்பி கையெழுத்து என்று கொஞ்ச நாள் இழுத்தது. அதை விடுங்கள், அது தனிக்கதை. தமிழ்நாட்டில் பாதிப் பட்டா செத்துப்போனவர்கள் பெயரில்தான் இருக்கிறது. வேலை உத்தரவு வாங்கிய அன்று சாயந்திரம் அந்த அம்மா என்னிடம் வந்து கேட்ட முதல் கேள்வி பணத்தைப் பற்றி இல்லை.

"அண்ணே, குடிசையைப் பிரிச்சிட்டா நாங்க எங்கண்ணே போய்ப் படுக்குறது?"

இருப்பது இரண்டு சென்ட் இடம். குடிசையைப் பிரித்தால்தான் கடக்கால் தோண்ட முடியும். வீடு முடியும்வரை குடும்பம் எங்கே இருக்கும் என்பதற்கு எந்தத் திட்டத்திலும் ஒரு வரிகூடக் கிடையாது. கடைசியில் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு பக்கம் சாக்குத் தடுப்பு கட்டிக்கொண்டார்கள். அந்தப் பெண் பிள்ளையின் புத்தகங்களை உரச்சாக்கில் போட்டு விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், மாடு மூத்திரம் தெறிக்காமல் இருக்க. பப்ளிக் பரீட்சைக்கு அது அங்கிருந்துதான் படித்தது.

சரி, முதல் ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அந்த அம்மாவின் தோடு கூட்டுறவு வங்கியில் அடகுக்குப் போனது. அதில் வந்தது செங்கல்லுக்குக்கூடப் போதவில்லை. அப்புறம் குழுக் கடன். இரண்டு நிறுவனத்தில். ஒன்றுக்குச் செவ்வாய்க்கிழமை வசூல், இன்னொன்றுக்கு வெள்ளிக்கிழமை. கடன் அட்டையைக் காட்டினார். எதற்காகக் கடன் என்ற இடத்தில் 'கறவை மாடு' என்று இருக்கிறது. எங்கள் தெருவில் அட்டையில் இருக்கிற கறவை மாடுகளை எல்லாம் ஓட்டிக்கொண்டு வந்தால் ஆவினுக்குத் தனி லாரி விட வேண்டியிருக்கும். உண்மையில் அந்த மாடுகள் எல்லாம் பேஸ்மட்டத்துக்கு அடியில் இருக்கின்றன. வீடு கட்ட என்று கேட்டால் சொத்து, ஜாமீன் என்று கேட்பார்கள். மாடு வாங்க என்றால் கையெழுத்துப் போட்டதும் பணம். ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டிருக்கிறது: வருடத்துக்கு மூன்று லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்குத்தான் இந்தக் கடன், எல்லாத் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. இந்தக் குடும்பத்தின் வருமானத்தில் பாதி எவ்வளவு என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மணல் லாரிக்காரர் தூரத்துச் சொந்தம், அதனால் கடன் சொல்ல முடிந்தது. ஹார்டுவேர் கடையில் நான் ஜாமீன் சொன்னேன். என் கூலியில் பாதி நின்றது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. தொகுப்பு வீடு கட்டுகிற எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார். என் சித்தாள்களுக்கு அன்றன்று சாயந்திரம் கூலி கொடுக்காமல் நான் நிறுத்த முடியாது. அதை என் கையிலிருந்து கொடுத்துவிட்டு, பில் வரட்டும் என்று காத்திருக்கிறேன். ஆக, அரசாங்கத்தின் வீட்டுக்கு முதல் பணம் போடுகிறவர்கள் அடகுக்கடை, வார வசூல்காரர், லாரிக்காரர், கொத்தனார். எங்கள் பெயரை எல்லாம் வீட்டு முகப்பில் எழுதச் சொல்லவில்லை. வட்டி யார் கட்டுகிறார்கள் என்று மட்டும் பார்க்கச் சொல்கிறேன்.

பேஸ்மட்டம் முடிந்தது. போட்டோ பிடிக்க ஆள் வரத் தாமதம். ஓவர்சியரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒருத்தர் தலையில் எத்தனையோ ஊராட்சி, ரோடு வேலை, குடிதண்ணீர்த் தொட்டி, அதற்கு நடுவில் இந்த வீடுகள். வந்தார், குடும்பத்தை முன்னால் நிறுத்திப் படம் பிடித்தார், செல்லில் ஏற்றினார். முதல் பில் வந்தது. சிமெண்ட், கம்பி விலை கழிந்து வந்தது. வந்த பணம் நேராக எங்கே போயிற்று? பேஸ்மட்டத்துக்கு வாங்கிய கடனுக்கு. சுவர் ஏற்ற மறுபடியும் கடன். லிண்டல் பில் வந்தது, சுவர்க் கடனுக்குப் போயிற்று. தளம் போட மறுபடியும் கடன். ஒவ்வொரு மட்டத்திலும் இதே கதை.

இதில் வீடும் கெடுகிறது. அதைக் கொத்தனாராக நான் சொல்லியே ஆக வேண்டும். தளத்தின் கான்கிரீட் இறுகும்வரை தாங்க அடியில் சென்ட்ரிங் அடிப்பது நாள் வாடகை. தகரம், ஜாக்கி, சவுக்குக் கட்டை எல்லாவற்றுக்கும் வாடகை ஓடும். கம்பி கட்டி முடித்தபோது கான்கிரீட் போடப் பணம் இல்லை. ஒன்றியத்தில் கொடுக்க வேண்டிய சிமெண்ட் கோட்டாவும் வரவில்லை. அது ஐப்பசி. கட்டிய கம்பி அப்படியே மழையில் நின்றது. கையால் தேய்த்தால் செம்மண் மாதிரி துரு உதிர்ந்தது. கம்பி பிரஷ் வாங்கிக் கொடுத்து, அந்த மனுஷனும் மகனும் சென்ட்ரிங் மேல் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாகத் தேய்த்தார்கள். இடுப்பு முடியாதவர். அப்படித் தேய்த்து எடுத்த பிறகுதான் நான் கான்கிரீட் போட்டேன். இன்னொருத்தராக இருந்தால் துருவோடு மூடிவிட்டுப் போயிருப்பார். வெளியே தெரியாது. பத்து வருடம் கழித்து சீலிங்கில் காரை பெயர்ந்து தலையில் விழும்போது தெரியும். ஊர் ஊராகப் பழைய தொகுப்பு வீடுகளைப் பாருங்கள், சீலிங்கில் கம்பி தெரிகிறதா இல்லையா? 2001க்கு முன்னால் கட்டிய இரண்டரை லட்சம் அரசு வீடுகளைப் பழுது பார்க்க 2,000 கோடி ரூபாயில் திட்டம் போடும்படி ஆகிவிட்டது. அந்தக் காலத்திலும் கல் ஒரு வருடம், சுவர் ஒரு வருடம், தளம் ஒரு வருடம் என்று கட்டிய வீடுகள் அதில் எத்தனையோ.

கையில் பணம் இல்லாதவர்களைத் தேடி வருகிறவர் காண்ட்ராக்டர். "நீ ஒண்ணும் அலைய வேணாம், பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் என்கிட்ட கொடுத்துடு, சாவியை உன் கையில கொடுக்கறேன்" என்பார். விதிப்படி வீட்டைப் பயனாளிதான் கட்ட வேண்டும். ஆனால் முதல் ஒரு லட்சம் அவரிடம்தானே இருக்கிறது! அவர் கட்டுகிற வீட்டில் பேஸ்மட்டத்துக்குள் கிராவலுக்குப் பதில் பிரித்த குடிசையின் மண்ணும் குப்பையும் இருக்கும். லிண்டலில் கான்கிரீட் பெல்ட் சுவர் முழுக்கச் சுற்றி வராது. ஜன்னலுக்கு மேல் மட்டும் ஒரு துண்டு. கலவையில் சிமெண்ட் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. இவர்களை ஒழிக்க எத்தனை சுற்றறிக்கை போட்டாலும் முடியாது. முதல் தவணை முன்னால் வந்தால் அவர்களுக்கு வேலையே இருக்காது.

இதற்கு ஒரு பதில் உண்டு என்று தெரியும். முன்பணம் கொடுத்தால் கல்யாணம், கருமாதி என்று செலவழித்துவிடுவார்கள், வீடு எழும்பாது என்பார்கள். அப்படி நடந்ததே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாதியில் நிற்கிற வீடுகளை எங்கள் ஒன்றியத்தில் யாராவது வந்து என்னோடு சுற்றிப் பாருங்கள். பணத்தை வாங்கி ஏமாற்றியதால் நிற்கிற வீடு அபூர்வம். அடுத்த மட்டத்துக்குக் கடன் கிடைக்காமல் நிற்பதுதான் அதிகம். அப்படியும் சந்தேகம் என்றால் பணமாகக் கொடுக்க வேண்டாம், பொருளாகக் கொடுங்கள். கோட்டா சிமெண்டில் பாதியையும் கம்பியையும் வேலை உத்தரவு கொடுக்கிற அன்றே கொடுத்தால் என்ன? சிமெண்ட்டை யாரும் கரைத்துக் குடிக்க முடியாது. விற்றுவிடுவார்கள் என்றால், மூட்டையில் அரசு முத்திரை இருக்கிறது, ஊருக்குள் எந்த வீட்டில் அந்த மூட்டை கிடக்கிறது என்று பார்க்க ஒரு நாள் போதும்.

மத்திய அரசின் பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் அனுமதி ஆணை கொடுத்த ஒரு வாரத்துக்குள் முதல் தவணையைப் பயனாளியின் கணக்கில் போட வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறையிலேயே இருக்கிறது. அதில் இன்னொன்றும் இருக்கிறது: விருப்பப்படும் பயனாளிக்கு 70 ஆயிரம் ரூபாய் வரை வங்கிக் கடன் கிடைக்க உதவ வேண்டும். அந்த எழுபதாயிரத்தை வாங்கிய ஒரு ஆளை எனக்குக் காட்டுங்கள், அவர் வீட்டுக்குத் திண்ணை நான் இலவசமாகக் கட்டித் தருகிறேன். எங்கள் பக்கத்து வங்கியில் கேட்கப் போன பையனிடம் அப்படி ஒரு கடனே கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

கனவு இல்லத்தில் 3 லட்சத்து 10 ஆயிரத்தில் கால் பங்கை மட்டும் முன்னால் கொடுத்தால் 77,500 ரூபாய். ஒரு வருடத்துக்கு ஒரு லட்சம் வீடு என்றால் 775 கோடி. பெரிய தொகைதான், ஆனால் புதிதாக எடுக்க வேண்டிய பணம் இல்லை. எப்படியும் கொடுக்கப் போகிற பணத்தைச் சில மாதம் முன்னால் கொடுப்பது, அவ்வளவுதான். அதுவும் முடியாது என்றால், ஊருக்கு ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கிறது, மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு இருக்கிறது. வேலை உத்தரவை ஈடாக வைத்துக்கொண்டு ஒரு லட்சம் கொடுக்கட்டும். பில் வரும்போது நேராகச் சங்கத்துக்குப் போகட்டும். நடுவில் வார வசூல்காரர் தேவையில்லை. கந்துவட்டியை ஒழிக்க 2003இல் சட்டம் போட்டார்கள், கடன் வசூல் அடாவடியைத் தடுக்க 2025இல் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். சட்டம் போட்டவர்கள், ஜனங்களை வட்டிக்காரர்களிடம் அனுப்புகிற வழியையும் ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

தொகைதான் குறைவு என்கிறவர்களுக்கு, ஏற்கெனவே இருக்கிறதை எடுக்காமல் விடுவதையும் சொல்ல வேண்டும். பிரதமர் வீட்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம், அதோடு கான்கிரீட் தளத்துக்கென்று மாநில அரசு 1 லட்சத்து 20 ஆயிரம் சேர்க்கிறது. அந்த வீட்டுக்காரர் தன் வீட்டு வேலையில் நூறு நாள் திட்டத்தில் 90 நாள் கூலி வாங்க வழி இருந்தது. 2025-26இல் நாளுக்கு 336 என்றால் 30,240 ரூபாய். எங்கள் ஊரிலேயே இரண்டு வீட்டில் இதை வாங்கவில்லை. ஒருத்தருக்கு நூறு நாள் வேலை அட்டையில் மாமியார் பெயர், வீடு மருமகள் பெயரில். இன்னொருத்தருக்கு யாரும் சொல்லவே இல்லை.

அப்புறம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். இதை என் கூட்டாளிகளுக்காக எழுதுகிறேன். சொந்த மனை இருக்கிற பதிவு பெற்ற கட்டுமானத் தொழிலாளிக்கு வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் வரை வாரியம் தருகிறது. ஊருக்கெல்லாம் வீடு கட்டிக்கொடுக்கிற சித்தாள் பெண்களில் பாதிப் பேர் குடிசையில் இருக்கிறார்கள். பதிவு இருந்தும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அட்டை எங்கே என்று கேட்டால் ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்த பழைய தாளைக் காட்டுகிறார்கள். அறுபது வயதுக்குள் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் முதல் வேலையாகப் புதுப்பியுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருக்கிறவர் சொல்லுங்கள்.

பட்டியலில் பெயர் சேர்க்கிறேன் என்று பத்தாயிரம், இருபதாயிரம் கேட்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள் என்று எழுதினால், ஊரில் இருக்கிற நீ எதற்கு இதில் தலையிடுகிறாய் என்று எனக்கு வம்பு வரும். பரவாயில்லை. கொடுக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் படம் போட்டு வசூல் செய்து வீடு கட்டிக் கொடுக்கிற இளைஞர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல பிள்ளைகள். அவர்கள் கட்டிய வீட்டில் நானும் ஒரு நாள் கூலி வாங்காமல் வேலை செய்தேன். ஆனால் தார்ப்பாய் வீட்டுக்கு முன்னால் வயசுக்கு வந்த பெண்ணை நிறுத்திப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். நான் சொன்ன குடும்பத்துக்கும் அப்படிச் செய்யலாம் என்று வந்தார்கள். அந்தப் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. தகரக் கதவுதான், இருந்தாலும் சாத்தியது சாத்தியதுதான். உதவ நினைக்கிறவர்கள் எங்கள் ஹார்டுவேர் கடையில் போய் அந்த வீட்டுக் கணக்கில் பத்து மூட்டை சிமெண்ட்டுக்குப் பணம் கட்டிவிட்டுப் போகலாம். யார் கட்டினது என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. அது பேஸ்மட்டத்துக்கு முன்னால் நடந்தால் பத்து மூட்டை இருபது மூட்டைக்குச் சமம்.

அந்த வீடு இப்போது தளம் போட்டு, உள்ளே பூச்சு இல்லாமல் இருக்கிறது. குடிபோய்விட்டார்கள். மாட்டுக்கொட்டகையை எத்தனை நாள் கேட்பது? கடைசி பில் வரவேண்டுமானால் பூச்சு முடிய வேண்டும், கழிப்பறைக்குக் கோப்பை வைக்க வேண்டும், தகரத்தை எடுத்துவிட்டு மரக்கதவு போட வேண்டும். அதற்கு மறுபடியும் நாற்பதாயிரமாவது வேண்டும். செவ்வாய்க்கிழமைக் கடன் இன்னும் முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்காரர், பழையதை மூடிவிட்டுப் பெரிதாக ஒன்று போட்டுத் தருகிறேன் என்கிறாராம். வாங்க வேண்டாம் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். பூச்சுக் கூலியைப் பில் வந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியாகிவிட்டது. எம்-சாண்டுக்கும் கதவுக்கும்தான் வழி பார்க்க வேண்டும்.

2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு எங்கள் ஊராட்சி தனி அலுவலர் பொறுப்புக்குப் போனது. அதற்கப்புறம் யாரிடம் கேட்பது என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் கிராம சபை வருடத்துக்கு ஆறு தடவை கூடித்தான் ஆக வேண்டும். அடுத்த கூட்டத்தில் பயனாளிகள் பெயரை மட்டும் வாசித்தால் போதாது, யாருக்கு எந்தத் தேதியில் வேலை உத்தரவு, எந்தத் தேதியில் போட்டோ, எந்தத் தேதியில் பணம் என்று மூன்று தேதியையும் சேர்த்து வாசியுங்கள் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கப் போகிறோம். இதுவரை பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் ஏழு பேர் சித்தாள்கள். மற்ற ஊர்க் கொத்தனார்களும் அவரவர் ஊரில் இதையே கேட்கலாம். அந்த மூன்று தேதியை எழுதி உங்கள் பத்திரிகைக்கு அனுப்பினால், இடம் இருக்கும்போது போடுங்கள் ஐயா.

கடிதம் நீண்டுவிட்டது. வெட்டுவதானால் என் சுயபுராணத்தை வெட்டிக்கொள்ளுங்கள், கணக்கை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு கொத்தனார்,
தஞ்சாவூர் மாவட்டம்.